டில்லிப் பணமும் நம்ம வீட்டு அரிசிப் பானையும்



மலருக்கு ஒரு கட்டுரை எழுதிக் கொடு என்று கேட்டபோது நான் முதலில் மாட்டேன் என்றுதான் சொன்னேன். பத்தாவது வரை படித்தவள். தீர்மானப் புத்தகம் எழுதுவேன், கணக்கு எழுதுவேன். கட்டுரை எழுதியது பள்ளிக்கூடத்தோடு சரி. "உனக்குத் தெரிஞ்சதை எழுது, போதும்"னு அக்காக்கள் சொன்னார்கள். எனக்குத் தெரிந்தது கணக்குதான். அதனால் எங்கள் குழுவின் பழைய உள்கடன் லெட்ஜரைப் பரணிலிருந்து எடுத்துத் தூசி தட்டிப் புரட்டினேன்.

கடன் வாங்கும் காரணம் என்று ஒரு கட்டம் இருக்கும், உங்களுக்கும் தெரியும். ஆரம்ப வருடங்களில் அதில் ஆடு, தையல் மெஷின், ஸ்கூல் பீஸ், காதுகுத்து என்று எழுதியிருக்கிறது. 2018, 2019 பக்கங்களுக்கு வந்தால் "அரிசி, வீட்டுச் செலவு" என்று வர ஆரம்பிக்கிறது. ஒரே பக்கத்தில் நாலு பேர் அரிசிக்குக் கடன் வாங்கியிருக்கிறோம். அந்த நாலில் ஒரு பெயர் என்னுடையது.

பாகூர் என்றாலே புதுச்சேரியின் நெற்களஞ்சியம் என்பார்கள். வில்லியனூர் பக்கமும் நஞ்சை பூமிக்குக் குறைவில்லை. நெல் விளையும் ஊரில் இருந்துகொண்டு நாம் ஏன் குழுவில் அரிசிக்குக் கடன் எழுதினோம்? அந்த ஒரு கேள்விக்குப் பதில் தேடப் போய்த்தான் டில்லியில் கணக்கு மாறினால் புதுச்சேரியில் என்ன ஆகிறது, அது நம்ம அடுப்படி வரைக்கும் எப்படி வருகிறது என்று கொஞ்சம் புரிந்தது. அதைத்தான் இங்கே எழுதியிருக்கிறேன். எந்தக் கட்சியையும் தூக்கிப் பிடிக்கவோ குறை சொல்லவோ எழுதவில்லை.

நாம் எந்தக் கணக்கில் இருக்கிறோம்?

பிரெஞ்சுக்காரர்கள் 1954 நவம்பர் 1 அன்று நிர்வாகத்தை ஒப்படைத்தார்கள். 1962 ஆகஸ்ட் 16 அன்று சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்தோம். 1963-ல் வந்த யூனியன் பிரதேசச் சட்டத்தால் நமக்குச் சட்டசபை கிடைத்தது. ஓட்டுப் போடுகிறோம், எம்.எல்.ஏ. இருக்கிறார், முதலமைச்சர் இருக்கிறார். ஆனாலும் நாம் மாநிலம் இல்லை, யூனியன் பிரதேசம். துணைநிலை ஆளுநர் டில்லியிலிருந்து வருகிறார். நம்ம பட்ஜெட்டுக்கு மத்திய உள்துறையின் ஒப்புதல் வேண்டும். அந்த ஒப்புதல் தாமதமாகி, மார்ச்சில் இடைக்காலத்துக்குச் செலவு ஒப்புதல் மட்டும் வாங்கிக்கொண்டு முழு பட்ஜெட்டை ஆகஸ்டு வாக்கில் போட்ட வருடங்கள் பல.

தமிழ்நாடு, கேரளா மாதிரி மாநிலங்களுக்கு மத்திய வரியில் இத்தனை பங்கு என்று நிதிக் கமிஷன் பிரித்துக் கொடுக்கிறது. அந்தக் கமிஷனின் கணக்கில் யூனியன் பிரதேசங்கள் கிடையாது. நமக்கு வருவது டில்லி பார்த்துத் தருகிற உதவி. இந்த வருடம் இவ்வளவு என்பார்கள், அடுத்த வருடம் அது கூடலாம், அப்படியே நிற்கவும் செய்யலாம்.

2007 டிசம்பரில் இன்னொரு மாற்றம் வந்தது. அதுவரை புதுச்சேரியின் கணக்கு மத்திய அரசின் கணக்கோடு சேர்ந்திருந்தது. அப்போது தனிக் கணக்கு ஆரம்பித்தார்கள். அதற்குப் பிறகு நம்ம அரசு வெளியில் கடன் வாங்கலாம், வட்டியையும் தானே கட்ட வேண்டும். எனக்கு இது எப்படித் தோன்றுகிறது என்றால், கல்யாணமான மகனைத் தனிக்குடித்தனம் வைத்த மாதிரி. அடுப்பு தனி, மளிகைக் கடன் தனி. பீரோ சாவி மட்டும் இன்னும் மாமியார் இடுப்பில்.

2025-26 பட்ஜெட் 13,600 கோடி ரூபாய். அதில் மத்திய அரசின் உதவி ஏறக்குறைய 3,430 கோடி. ரூபாய்க்கு நாலணா என்று வைத்துக்கொள்ளலாம். மீதியில் பெரும்பகுதி நம்ம ஊரில் வசூலாகும் வரி, கட்டணம். கொஞ்சம் கடன். 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தபோது, வரி குறைந்தால் 5 வருடத்துக்கு ஈடு கட்டுவோம் என்றார்கள். அந்த ஈடும் 2022 ஜூன் 30-ஓடு முடிந்துவிட்டது. இதையெல்லாம் மனதில் வைத்துக்கொண்டு கீழே படியுங்கள்.

அத்தையின் பாஸ்புக்

என் மாமியாருக்கு முதியோர் பென்ஷன் வருகிறது. அவர்களை அத்தை என்றுதான் கூப்பிடுவேன். மாதாமாதம் பாஸ்புக்கை நான்தான் பதிந்து வருவேன். ஒருநாள், "அத்தை, இந்தப் பணம் யாரு குடுக்குறாங்க தெரியுமா?"ன்னு கேட்டேன். "யாரு குடுத்தா என்னம்மா, மாசம் பொறந்தா வந்தா சரி"ன்னு சொல்லிட்டாங்க.

நாம் எல்லாரும் அப்படித்தான் இருக்கிறோம். ஆனால் கணக்கைப் பாருங்கள். மத்திய அரசு முதியோர் பென்ஷனை ஆரம்பித்தது 1995 ஆகஸ்ட் 15. அப்போது மாதம் 75 ரூபாய். அதைப் பிறகு 200 ரூபாய் ஆக்கினார்கள். 2011-ல் வயதை 65-லிருந்து 60 ஆகக் குறைத்தார்கள். 80 வயதுக்கு மேல் 500 ரூபாய் என்றார்கள். விதவைகளுக்கு 2009-ல் 200 என்று தொடங்கி, 2012-ல் 300 ஆக்கினார்கள். அதோடு நின்றுவிட்டது. 60 வயதுக்காரருக்கு டில்லியின் பங்கு இன்னும் அதே 200 ரூபாய்தான். அதுவும் டில்லி வைத்த எண்ணிக்கைக்குள் வருகிற ஏழைக் குடும்பங்களுக்கு மட்டும்.

அப்படியானால் அத்தையின் பாஸ்புக்கில் 2,000 எப்படி வந்தது, 2021-ல் ரங்கசாமி அரசு 500 கூட்டிய பிறகு 2,500 எப்படி ஆனது? மீதி முழுக்கப் புதுச்சேரி அரசின் பணம். 2,500-ல் 200 என்றால் நூற்றுக்கு 8 ரூபாய் டில்லி, 92 ரூபாய் நம்ம அரசு. மத்திய அரசு 60 வயதில் தொடங்குகிறது, புதுச்சேரி 55 வயதிலேயே தொடங்குகிறது. அந்த 5 வருடச் செலவு முழுவதும் நம்ம அரசுடையது.

இது பெருமைப்பட வேண்டிய விஷயம்தான். ஆனால் இதற்கு ஒரு மறுபக்கம் உண்டு. தன் பணத்தில் கொடுக்கும்போது, புதிதாக ஒருவரைச் சேர்ப்பதற்கு முன் அரசு பத்து தடவை யோசிக்கிறது. எங்கள் தெருவில் ஒரு பெரியம்மா, புருஷன் இல்லாதவர், மனு கொடுத்துவிட்டுப் பல வருடம் காத்திருந்தார். போகும்போதெல்லாம் "லிஸ்ட்ல இருக்கு, இடம் காலியானா வரும்"னு பதில். இடம் காலியாவது என்றால் இன்னொரு கிழவி சாக வேண்டும் என்று அர்த்தம். அந்தப் பெரியம்மா அதைச் சொல்லிச் சிரிப்பார். கேட்கிற எங்களுக்குச் சிரிப்பு வராது. டில்லியின் 200 ரூபாய் அசையாமல் நிற்கிறதன் பாரம் கடைசியில் அந்தக் காத்திருக்கும் பட்டியலில்தான் வந்து இறங்குகிறது.

மானியம் போய் வட்டிச் சலுகை வந்தது

நம்ம குழுக்களின் கதையும் இதில் சேர்த்திதான். மூத்த அக்காக்களுக்கு ஞாபகம் இருக்கும், 1999 ஏப்ரலில் பொன்விழா கிராம சுயவேலைவாய்ப்புத் திட்டம் வந்தது. குழு சேர்ந்து தொழில் ஆரம்பித்தால் திட்டச் செலவில் பாதி மானியம், அதிகபட்சம் 1,25,000 ரூபாய். அந்த மானியத்துக்காகவே தொடங்கி, அது வந்ததும் கலைந்துபோன குழுக்களும் உண்டு. மாடு வாங்கிப் பால் ஊற்றி, பிள்ளையைப் படிக்க வைத்தவர்களும் உண்டு.

2011-ல் அதை மாற்றித் தேசிய ஊரக வாழ்வாதார இயக்கம் கொண்டுவந்தார்கள். பெரிய மானியம் நின்றது. அதற்குப் பதில் சுழல்நிதி, சமுதாய முதலீட்டு நிதி, வங்கிக் கடனுக்கு வட்டிச் சலுகை. பிறகு 2022 ஏப்ரல் முதல் மாவட்ட ஊரக வளர்ச்சி முகமைகளின் நிர்வாகச் செலவுக்குத் தனியாகக் கொடுத்த பணத்தையும் மத்திய அரசு நிறுத்தியது. ஆரம்பத்தில் நம்ம கையைப் பிடித்துக் கூட்டம் நடத்தச் சொல்லிக் கொடுத்தவர்கள் அந்த அலுவலகத்துக்காரர்கள்தான்.

மானியம் நின்றபோது இனி குழு எதுக்கு என்று சொன்னவர்கள் பலர். நின்று நடத்தியவர்கள் சேமிப்பை வைத்துத்தான் நடத்தினார்கள். வெளியிலிருந்து வரும் பணம் வடிவம் மாறும், நம்ம சந்தா மாறாது என்று அன்றைக்குப் புரிந்துகொண்டோம். அந்தப் பாடம் அரிசி விஷயத்தில் உதவியது.

அரிசி பணமான கதை

இப்போது லெட்ஜர் விஷயத்துக்கு வருகிறேன்.

2013-ல் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. ஆளுக்கு மாதம் 5 கிலோ தானியம், மிகவும் ஏழைக் குடும்பத்துக்கு 35 கிலோ, அரிசி கிலோ 3 ரூபாய். அந்தச் சட்டத்தில் நமக்கு ஒரு நல்ல பிரிவு இருக்கிறது. ரேஷன் கார்டுக்குக் குடும்பத் தலைவர் 18 வயது நிறைந்த மூத்த பெண்தான். இதைப் பலர் இன்னும் தெரிந்துகொள்ளவில்லை.

2015 ஆகஸ்டில் மத்திய அரசு ஒரு விதி கொண்டுவந்தது. யூனியன் பிரதேசங்களில் தானியத்துக்குப் பதில் அதற்கான பணத்தை வங்கிக் கணக்கில் போடலாம் என்பது அந்த விதி. 2015 செப்டம்பரில் சண்டிகரும் நம்ம புதுச்சேரியும் அதில் முதலில் இறங்கின. அடுத்த வருடம் தாத்ரா நாகர் ஹவேலி சேர்ந்தது. மாநிலங்களில் அரிசி, நமக்குப் பணம். தமிழ்நாட்டு எல்லை நமக்கு ஒரு வாய்க்கால் தூரம், ஒரு ரோட்டு தூரம். எங்கள் வயலைத் தாண்டினால் தமிழ்நாடு. அந்தப் பக்கம் என் சித்தி மகள் ரேஷன் கடையிலிருந்து அரிசி தூக்கிக்கொண்டு போவாள், இந்தப் பக்கம் நான் வங்கியில் வரிசையில் நிற்பேன்.

இதோடு, புதுச்சேரி அரசு தன் சொந்தப் பணத்தில் இலவச அரிசித் திட்டம் ஒன்றை வைத்திருந்தது. சிவப்புக் கார்டுக்கு 20 கிலோ, மஞ்சள் கார்டுக்கு 10 கிலோ. 2016-ல் வந்த நாராயணசாமி அரசு அரிசியாகத்தான் கொடுப்போம் என்றது. துணைநிலை ஆளுநராக இருந்த கிரண் பேடி, இதையும் பணமாகக் கணக்கில் போடுங்கள் என்றார். கோப்பு இங்கேயும் அங்கேயும் போனது. 2018 ஏப்ரலில் இன்னொன்றும் நடந்தது, மறந்திருக்க மாட்டீர்கள். ஊர் குப்பையில்லாமல், திறந்தவெளியில் மலம் கழிக்காத ஊர் என்று சான்று வாங்கினால்தான் இலவச அரிசி என்று ஆளுநர் அறிவித்தார். எதிர்ப்பு கிளம்பியதும் அன்றைக்கே திரும்பப் பெற்றுக்கொண்டார். ஊர் சுத்தமாக இருக்க வேண்டும், சரி. அதற்காக அரிசியை நிறுத்தினால் பட்டினி கிடப்பது யார் என்று அன்றைக்குக் குழுக் கூட்டத்தில் பேசிக்கொண்டோம்.

அரசுக்கும் ஆளுநருக்கும் கருத்து வேறுபட்டால் டில்லிதான் முடிவு சொல்ல வேண்டும் என்பது யூனியன் பிரதேசச் சட்டம். டில்லி பணம் என்றே சொன்னது. முதலமைச்சர் சென்னை உயர்நீதிமன்றத்துக்குப் போனார். 2020-ல் அந்த மனு தள்ளுபடியானது. 20 கிலோவுக்கு 600 ரூபாய், 10 கிலோவுக்கு 300 ரூபாய் என்று கணக்கில் போட்டார்கள். ரேஷன் கடைகள் பூட்டிக் கிடந்தன. கடை ஊழியர்கள் சம்பளமில்லாமல் போராடினார்கள்.

இதில் ஒரு உண்மையை நான் மறைக்கக் கூடாது. முதலில் எங்கள் கூட்டத்தில் பணமா அரிசியா என்று கை தூக்கச் சொன்னபோது, பணம் என்று கை தூக்கியவள் நான். காரணம் இருந்தது. ரேஷன் அரிசியில் வண்டும் கல்லும் பொறுக்கிச் சலித்தவள். பணமாக வந்தால் பிள்ளைகளுக்குப் பொன்னி அரிசி வாங்கிச் சமைக்கலாம், கணக்கு என் பெயரில் இருக்கிறது, நானே எடுக்கலாம் என்று நினைத்தேன். எடை குறைவு, கடை திறக்காமை, எந்தத் தொல்லையும் இல்லை என்றும் நினைத்தேன். பணம் நல்லது என்று சொன்னவர்கள் எல்லாம் விவரம் தெரியாதவர்கள் இல்லை. சில வீடுகளில் அது உண்மையிலேயே உதவியது.

என் வீட்டில் நடந்தது வேறு. பணம் மாதாமாதம் வரவில்லை. மூணு மாதம், நாலு மாதம் சேர்த்து ஒருநாள் வரும், அப்புறம் காணாமல் போகும். அரிசியோ தினமும் இரண்டு வேளை உலையில் போட வேண்டும். கிலோவுக்கு 30 ரூபாய் என்று கணக்குப் போட்டார்கள், நாங்கள் வாங்கிய அரிசி கடையில் 40-க்கு மேல். ஒருமுறை பணம் வந்திருக்கிறது என்று போனேன். குறைந்தபட்ச இருப்பு இல்லை என்று அபராதமாகக் கொஞ்சம் பிடித்திருந்தார்கள். அரிசிப் பணத்தில் அபராதம்! கவுண்டரில் அழுகை வந்துவிட்டது. எங்கள் குழுவில் இன்னொரு அக்கா, பெயர் வேண்டாம். அவருக்குப் பணம் வந்த அன்று சாயந்தரமே வீட்டுக்காரர் ஏ.டி.எம். கார்டை எடுத்துக்கொண்டு போய்விட்டார். புதுச்சேரியில் அந்தப் பணம் எங்கே போயிருக்கும் என்று நான் எழுதத் தேவையில்லை. "அரிசி மூட்டையைத் தூக்கிட்டுப் போயி குடிக்க முடியாதுடி, பணத்தை முடியும்"னு அந்த அக்கா சொன்னதை நான் மறக்கவே மாட்டேன்.

அந்த இரண்டு வருடத்தில்தான் லெட்ஜரில் "அரிசி" வந்தது. கோப்பு சுற்றிக்கொண்டிருந்த காலத்தில் எங்கள் பானை எங்கள் சந்தாப் பணத்தில்தான் கொதித்தது. 1,000, 1,500 என்று சின்னக் கடன்கள். எல்லாம் திரும்பி வந்துவிட்டது, ஒரு ரூபாய் பாக்கியில்லை. ஆனால் அந்தப் பணத்தில் வாங்கியிருக்க வேண்டிய ஆடும் மெஷினும் வாங்கப்படவில்லை. அந்த நஷ்டத்தை எந்த பட்ஜெட்டிலும் எழுத மாட்டார்கள்.

2020-ல் கொரோனா வந்தது. மத்திய அரசு ஆளுக்கு 5 கிலோ இலவச அரிசி என்றது. இந்த முறை பணமாக அல்ல, அரிசியாகவே வந்தது. எங்கள் ஊரில் பள்ளிக்கூடத்தில் வைத்துக் கொடுத்தார்கள். கடை பூட்டியிருந்தாலும், மனசு இருந்தால் அரிசி வீடு வந்து சேரும் என்று அப்போது பார்த்தோம். 2023 ஜனவரி முதல் உணவுச் சட்டத்தின் தானியத்தையே நாடு முழுவதும் இலவசம் ஆக்கினார்கள். பிறகு அதை 2024 ஜனவரியிலிருந்து 5 வருடத்துக்கு நீட்டினார்கள். நமக்கு மட்டும் கடை திறக்கவில்லை. ஓட்டுக் கேட்டு வந்த எல்லாரிடமும் பெண்கள் கேட்ட முதல் கேள்வி "ரேஷன் கடை எப்போ?" என்பதுதான். 2024 அக்டோபரில், தீபாவளிக்கு முன்னால், கடைகள் மறுபடி திறந்தன. அரிசியும் சர்க்கரையும் வாங்கினோம். என் சின்ன மகளுக்கு ரேஷன் கடை என்றால் என்னவென்றே தெரியாது. "இது என்ன கடைம்மா?"ன்னு கேட்டாள்.

நடுவில், 2023 ஜனவரியில், எந்த மாத உதவியும் பெறாத சிவப்புக் கார்டு குடும்பத் தலைவிகளுக்கு 1,000 ரூபாய் திட்டத்தை நம்ம அரசே தன் பணத்தில் தொடங்கியது. 2025 மார்ச் பட்ஜெட்டில் அதை 2,500 ஆக்குவோம் என்று அறிவித்தார்கள். டில்லி ஒரு பக்கம் மாற்றும்போது புதுச்சேரி இன்னொரு பக்கம் ஈடு கட்டப் பார்க்கிறது என்பதற்கு இதுவும் உதாரணம்.

நூறு நாள் வேலைக்கு வந்த புதுக் கணக்கு

கடைசியாக, இப்போது நம்ம முன்னால் நிற்கும் விஷயம். நூறு நாள் வேலைச் சட்டம் 2005-ல் வந்தது. 2008 ஏப்ரல் முதல் நாட்டின் எல்லா கிராமப்புற மாவட்டங்களுக்கும் வந்தது. ஏரி, குளம், வாய்க்கால் தூர் வாரினோம். ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கூலி என்பதைப் பல பேர் வாழ்க்கையில் முதல் தடவை பார்த்தது அந்த வேலையில்தான். எத்தனை நாள் கிடைத்தது என்பது வேறு விஷயம். கூலிப் பணம் முழுவதையும் மத்திய அரசு கொடுத்தது. சாமான் செலவில் மட்டும் கால் பங்கு உள்ளூர் அரசு போட்டது.

2025 டிசம்பரில் பார்லிமெண்டில் அந்தச் சட்டத்துக்குப் பதிலாகப் புதுச் சட்டம் நிறைவேறியது. சுருக்கமாக விபி ஜி ராம் ஜி என்கிறார்கள். 100 நாள் 125 நாளாகிறது. கேட்க நல்லாத்தான் இருக்கிறது. பணக் கணக்கைப் பாருங்கள். சட்டமன்றம் இல்லாத யூனியன் பிரதேசத்துக்கு முழுப் பணமும் டில்லி. சட்டமன்றம் உள்ள யூனியன் பிரதேசத்துக்கும் பெரும்பாலான மாநிலங்களுக்கும் 60 பங்கு டில்லி, 40 பங்கு அந்தந்த அரசு. நமக்குச் சட்டமன்றம் இருக்கிறது. அதனால் நாம் 40 பக்கம்.

2025-26-ல் நம்ம கூலி நாளுக்கு 336 ரூபாய். இதே கூலி என்று வைத்தால் ஒரு ஆளின் ஒருநாள் கூலியில் 134 ரூபாய் 40 காசு புதுச்சேரி அரசு எடுத்து வைக்க வேண்டும். முன்பு கூலியில் அதன் பங்கு சைபர். ஒவ்வொரு மாநிலத்துக்கும் வருடத்துக்கு இவ்வளவுதான் என்று டில்லி ஒரு அளவு வைக்கும், அதற்கு மேல் செலவானால் அதுவும் உள்ளூர் அரசின் தலையில். நடவு, அறுப்பு நாட்களில் 60 நாள் வரை வேலையை நிறுத்தி வைக்கலாம் என்றும் சட்டத்தில் இருக்கிறது.

வேண்டும் என்றே குறை சொல்லவில்லை. 125 நாள் கிடைத்தால் முதலில் சந்தோஷப்படுபவள் நான். என் பயம் ஒன்றே ஒன்று. பென்ஷனில் பார்த்தோம், தன் பணம் போடும்போது அரசு ஆளைக் குறைக்கப் பார்க்கும். அரிசியில் பார்த்தோம், இரண்டு அரசும் கணக்கு முடிக்கும் வரை நாம் காத்திருப்போம். இந்த வேலையிலும் அது நடந்தால், "பண்டு வரல, வேலை இல்ல"ன்னு ஒரு வரியில் அனுப்பிவிடுவார்கள்.

யாரிடம் கேட்பது?

தமிழ்நாட்டில் என்றால் ஊராட்சித் தலைவரைப் போய்ப் பிடிப்பார்கள். நமக்கு அதுவும் இல்லை. புதுச்சேரியில் உள்ளாட்சித் தேர்தல் 1968-ல் நடந்தது, அப்புறம் 2006-ல் நடந்தது. 2011-ல் அவர்கள் காலம் முடிந்தது. அதற்குப் பிறகு பிறந்த பிள்ளைகளுக்கு வார்டு மெம்பர் என்றால் என்னவென்று தெரியாது. கொம்யூன் பஞ்சாயத்தில் ஆணையர் இருக்கிறார், நாம் ஓட்டுப் போட்டு அனுப்பியவர் யாரும் இல்லை. அந்தக் காலியிடத்தில் ஊர்ப் பெண்கள் கூடிப் பேசுகிற இடம் என்று மிச்சம் இருப்பது நம்ம குழுவும் கூட்டமைப்பும்தான்.

அதனால் மூன்று விஷயம் சொல்லி முடிக்கிறேன். இதெல்லாம் நாங்கள் எங்கள் குழுவில் செய்து பார்த்தவை.

ஒன்று, கூட்டத்தில் சேமிப்பு வசூல் முடிந்ததும் பத்து நிமிடம் பாஸ்புக் பார்ப்பது. யாருக்கு எந்தப் பணம் வந்தது, எந்த மாதம் வரவில்லை என்று ஒரு நோட்டில் எழுதுகிறோம். எழுதி வைத்ததால்தான் எங்கள் தெருப் பெரியம்மாவின் மனு எந்தத் தேதியில் கொடுத்தது என்று காட்ட முடிந்தது. இப்போது அவருக்குப் பென்ஷன் வருகிறது.

இரண்டு, வேலை வேண்டும் என்றால் வாயால் கேட்காமல் எழுதிக் கொடுத்து, தேதி போட்ட ரசீது வாங்குவது. 15 நாளில் வேலை தராவிட்டால் வேலையில்லாப் படி தர வேண்டும் என்பது பழைய சட்டத்திலும் இருந்தது, புதியதிலும் இருக்கிறது. ரசீது இல்லாவிட்டால் நாம் கேட்கவே இல்லை என்றுதான் கணக்கு.

மூன்று, "பண்டு வரல" என்று யாராவது சொன்னால், "எந்தப் பங்கு வரல, 60-ஆ, 40-ஆ?" என்று கேட்பது. கேள்வி சின்னதுதான். ஆனால் அந்தக் கேள்வியை ஒரு பெண் கேட்டால், எதிரில் இருப்பவர் நாற்காலியில் கொஞ்சம் நிமிர்ந்து உட்காருகிறார். நான் பார்த்திருக்கிறேன்.

இதை எழுதி முடித்த ராத்திரி அத்தையிடம் வாசித்துக் காட்டினேன். எல்லாம் கேட்டுவிட்டு, "அந்த 200 ரூபாயை ஏத்தச் சொல்லி எழுதினியா?"ன்னு கேட்டாங்க. எழுதியிருக்கேன் அத்தைன்னு சொன்னேன்.

லெட்ஜரை மறுபடி பரணில் வைக்கவில்லை. இந்த மாதக் கடனில் ஒரு தையல் மெஷின், ஒரு கல்லூரிக் கட்டணம், இரண்டு ஆடு. "அரிசி" என்ற காரணம் இந்த வருடம் இதுவரை எழுதப்படவில்லை. அது மறுபடி வந்தால் அன்றைக்கே கூட்டமைப்புக்குச் சொல்வோம் என்று தீர்மானம் போட்டிருக்கிறோம். உங்கள் குழு லெட்ஜரிலும் அந்தக் கட்டத்தை ஒருமுறை புரட்டிப் பாருங்கள், சகோதரிகளே.